பிரின் மலையில்: சலவைக்கல் பக்கமும் கருங்கல் பக்கமும்

திங்கள், செப்டெம்வ்ரி – பான்ஸ்கோ ரயில்

பல்கேரியாவின் தென்மேற்கு மூலையில் கிடக்கிறது பிரின் மலைத்தொடர். கிழக்கே மெஸ்தா ஆறு, மேற்கே ஸ்த்ரூமா ஆறு. இரண்டும் தெற்கே ஓடி, கிரேக்க நாட்டுக்குள் புகுந்து ஏஜியன் கடலில் கலக்கின்றன. வடக்கே ரிலா மலை, கிழக்கே ஆற்றுக்கு அந்தப் புறம் ரொடோப்பி மலை. பால்கன் தீபகற்பத்தின் மூன்று பெரிய சிகரங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. ரிலாவின் முசாலா 2,925 மீட்டர், கிரேக்கத்தின் ஒலிம்பஸ் அதைவிடச் சில மீட்டர் குறைவு, அடுத்தது பிரினின் விஹ்ரென், 2,914 மீட்டர்.

பான்ஸ்கோவுக்குப் பேருந்தில் சீக்கிரம் போய்விடலாம். நாங்கள் வேண்டுமென்றே குறுகிய பாதை ரயிலைப் பிடித்தோம். செப்டெம்வ்ரி என்ற ஊரில் தொடங்கி தோப்ரினிஷ்டே வரை 125 கிலோமீட்டர். தண்டவாளங்களுக்கு இடையே 760 மில்லிமீட்டர்தான் அகலம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரப் பயணம். உடன் வருவது என் அண்ணன் மகன். ப்ளோவ்தீவில் மருத்துவம் படிக்கிறான், பல்கேரிய மொழி நன்றாகப் பேசுகிறான். விடுமுறையில் அத்தைக்கு மலை காட்டுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறான்.

வெலின்கிராதைத் தாண்டியதும் ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கொஞ்ச நேரத்துக்கு முன் வலது பக்கம் பார்த்த வீடு இப்போது இடது பக்கம், நன்றாகக் கீழே தெரிகிறது. அவ்ராமோவோ 1,267 மீட்டரில் இருக்கிறது. பால்கனிலேயே மிக உயரத்தில் உள்ள ரயில் நிலையம் இதுதான். அங்கிருந்து இறக்கம். ஊசியிலைக் காடு விலகி, புல் அறுத்துக் குவித்திருந்த வயல்கள் வந்தன. ரஸ்லோக் சமவெளியில் வண்டி நுழைந்தபோது பிரின் முழுதாகத் தெரிந்தது.

ஜன்னலோரம் நின்றவன், "அத்தை, ஜூலை முடியப்போகுது, இன்னும் இவ்வளவு பனியா?" என்று கேட்டான். பனி அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. மற்ற வெள்ளையெல்லாம் கல். வடக்குப் பகுதியின் பெரிய முகடுகள் சலவைக்கல்லால் ஆனவை. அதற்குத் தெற்கே மலை சட்டென்று சாம்பல் கலந்த கருமைக்கு மாறுகிறது, அது கிரானைட். ஒரே மலைத்தொடரில் இரண்டு கல். இந்தப் பயணத்தில் நான் பார்க்க வந்ததே அதைத்தான். கல் மாறினால் தண்ணீர், மரம், விலங்கு எல்லாம் எப்படி மாறுகின்றன என்று நடந்து பார்க்க வேண்டும்.

செவ்வாய், பண்டேரிட்சா பள்ளத்தாக்கு

பான்ஸ்கோ 925 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். ஊருக்குள் க்ளாஸ்னே ஆறு ஓடுகிறது. பழைய வீடுகளின் கனத்த மதில்களில் ஆற்றுக்கல்லை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காலையில் ஆற்றங்கரையில் இறங்கி இரண்டு கல் பொறுக்கினேன். ஒன்று வெள்ளை. உடைந்த முகத்தைச் சூரியனுக்குக் காட்டினால் சர்க்கரைக் கட்டி போல் மினுக்குகிறது, பேனாக்கத்தி அதில் கோடு போடுகிறது. மற்றதில் கறுப்பு அபிரகப் பொட்டுகள். அதில் கத்தியை அழுத்தினால் கல்லில் கோடு விழவில்லை, கத்தியின் இரும்புதான் தேய்ந்து கறையாகப் படிந்தது. மேலே பண்டேரிட்சா, தெமியானிட்சா என்ற இரண்டு ஓடைகள் சேர்ந்துதான் க்ளாஸ்னே ஆகிறது. இரண்டு வகைக் கல்லும் ஒரே ஆற்றில் கிடப்பதற்கு அதுவே காரணம்.

ஒரு வண்டியைப் பகிர்ந்துகொண்டு பைகுஷெவ் பைன் வரை போனோம். 1897-இல் கொஸ்தாதின் பைகுஷெவ் என்ற வனத்துறைக்காரர் இந்த மரத்தைக் கண்டறிந்து பதிவு செய்தார். வயது 1,300 என்று பலகையில் எழுதியிருக்கிறது. உயரம் சுமார் 26 மீட்டர். அடிமரத்தைச் சுற்றி வேலி போட்டிருப்பதால் தொட முடியாது. வயதைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு பழைய மரங்களின் வயதை விட்டத்தை வைத்து ஊகிப்பதே வழக்கம். ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்தபின் எண்ணைப் பற்றிய கவலை போய்விட்டது. சாம்பல் நிறத் தகடுகளாக வெடித்து, ஒவ்வொரு தகட்டின் ஓரமும் சற்றே தூக்கி நிற்கிறது. ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே எறும்புகள் சாரியாக ஏறிக்கொண்டிருந்தன.

இது போஸ்னிய பைன் வகை. ஊர்க்காரர்கள் "செர்னா மூரா" என்கிறார்கள். இதே பள்ளத்தாக்கில் "பியாலா மூரா" என்னும் மக்கெதோனிய பைனும் உண்டு. தூரத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். கீழே விழுந்த ஊசிகளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செர்னா மூராவுக்கு ஒரு கொத்தில் இரண்டு ஊசி, பியாலா மூராவுக்கு ஐந்து. இரண்டுமே பால்கனுக்கும் அதை ஒட்டிய பகுதிக்கும் உரிய மரங்கள். செர்னா மூராவுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள மண் வேண்டும், சலவைக்கல் பாறையின் இடுக்கில்கூட வேர் இறக்கும். பியாலா மூராவுக்கு கிரானைட் மேல் உருவான புளிப்பு மண்தான் பிடிக்கும். ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து ஊசிகளை எண்ணிக்கொண்டே போனோம். பாறையைப் பார்க்காமலே, மரத்தை வைத்து அடியில் என்ன கல் என்று சொல்ல முடிந்தது. அண்ணன் மகனுக்கு இது பிடித்துப்போய் ஒவ்வொரு மரத்தடியிலும் குனிய ஆரம்பித்தான்.

இரவு விஹ்ரென் குடிலில், 1,950 மீட்டர். பயறுச் சாறு மாதிரி கெட்டியான பீன்ஸ் சூப், ரொட்டி. அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

புதன், விஹ்ரென்

குடிலை நடத்தும் அம்மா விடியற்காலையிலேயே எங்கள் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, போதாது என்று கையைக் காட்டினார். மேலே ஓடை கிடையாது, ஊற்றும் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துக்கொண்டோம்.

கபாதா என்ற கணவாய் வரை புல்சரிவு. அதன்பின் வெறும் வெள்ளைக்கல். இங்கே விழும் மழையும் உருகும் பனியும் வெடிப்புகள் வழியே மலைக்குள் இறங்கிவிடுகின்றன. சலவைக்கல்லைத் தண்ணீர் மெல்ல மெல்லக் கரைக்கும். கரைத்துக் கரைத்து உள்ளே வழி செய்துகொள்ளும். அதனால் மேற்பரப்பில் ஒரு குட்டை கூட நிற்பதில்லை. வெயில் மேலிருந்தும் அடிக்கிறது, வெள்ளைக் கல்லிலிருந்து எதிரொளித்துக் கீழிருந்தும் அடிக்கிறது. தாடைக்கு அடியில் எனக்குத் தோல் கன்றிப்போய்விட்டது.

ஆனால் இந்த வறண்ட கல்லில்தான் பிரினின் அரிய செடிகள் இருக்கின்றன. சரளைச் சரிவில் மஞ்சளாக ஒரு பூ, விரல் நீளக் காம்பில், காகிதம் போல் மெல்லிய நான்கு இதழ்கள். பிரின் பாப்பி. இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. வேரைச் சுற்றியுள்ள கற்கள் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் அது எப்படிப் பிடித்து நிற்கிறது என்று முட்டி போட்டுப் பார்த்தேன். மேலே ஒரு கைப்பிடி இலைதான். தண்டு கல்லுக்கடியில் எங்கோ நீண்டு போகிறது. எடல்வைஸ் பூவும் சுண்ணாம்புக் கல்லை விரும்புவது. பாறை விளிம்பில் ஒரு கொத்துப் பார்த்தோம். பறித்தால் அபராதம், பறிக்க மனமும் வராது.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. மஞ்சள் அலகுள்ள ஆல்பைன் காக்கைகள் எங்கள் ரொட்டிக்காக இரண்டடி தூரத்தில் வந்து உட்கார்ந்தன. வடக்கே குத்தேலோ சிகரம், 2,908 மீட்டர், அதுவும் சலவைக்கல். அதற்கு அப்பால் கொஞ்செட்டோ என்னும் கத்தி முனை முகடு. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய இடம். மேகம் திரள ஆரம்பித்திருந்ததால் அந்தப் பக்கம் போகாமல் ப்ரெம்காதா கணவாய்க்கு இறங்கினோம்.

அங்கேதான் ஷாமுவா. பல்கேரியர்கள் "திவா கோசா", காட்டாடு என்கிறார்கள். பால்கன் ஷாமுவா தனி உள்ளினம். பெட்டைகளும் குட்டிகளுமாக ஒரு கூட்டம். மே, ஜூனில் பிறந்த குட்டிகள், இன்னும் தாயின் வயிற்றளவு உயரம்தான். முகத்தில் கண்ணிலிருந்து மூக்கு வரை கறுப்புப் பட்டை, கொம்பு நேராக எழுந்து நுனியில் பின்னோக்கி வளைகிறது. முதலில் எங்களைப் பார்த்த பெட்டை மூக்கு வழியாக ஒரு சீழ்க்கை அடித்தது. ஒரு நொடியில் எல்லாமே செங்குத்துப் பாறைக்குப் போய்விட்டன. நம் ஊர் வரையாட்டின் தூரத்துச் சொந்தம். வால்பாறைப் பக்கம் வரையாடு பார்த்தவர்களுக்கு அந்த நடை உடனே பிடிபடும். குளம்பின் விளிம்பு கடினமாகவும் உள்பகுதி ரப்பர் போல் மென்மையாகவும் இருப்பதால்தான் வழுக்குப் பாறையில் நிற்க முடிகிறது. ஒரு குட்டி மட்டும் ஒரு பிளவின் முன் தயங்கி நின்றது. தாய் திரும்பி வந்து, அதன் பக்கத்தில் நின்று, தானே மறுபடி ஒருமுறை தாவிக் காட்டியது. இரண்டாம் முறை குட்டியும் தாவியது. நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம்.

இறங்கும் வழி பெரிய கொப்பரை போன்ற பள்ளம், கோலெமியா கசான். விஹ்ரெனின் வடக்குச் சுவர் அதற்கு மேல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. சுவரின் அடியில் ஸ்னெஷ்னிகா. ஐரோப்பாவில் மிகத் தெற்கே, வட அட்சம் 42 பாகைக்குச் சற்றுக் கீழே, ஆண்டு முழுவதும் மிஞ்சி நிற்கும் பனிக்கட்டித் திரள் என்று இதைக் கருதுகிறார்கள். பரப்பு ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. உயரம் மட்டும் காரணமாக இருந்தால் இது எப்போதோ கரைந்திருக்கும். சுவரின் நிழல், மேலிருந்து சரிந்து விழும் பனி, காற்று கொண்டுவந்து கொட்டும் பனி, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கல், எல்லாம் சேர்ந்து காப்பாற்றுகின்றன. கிட்டே போனால் அழுக்கான பனி. ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் ஒரு கோடையின் தூசி. பனிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி, அதிலிருந்து குளிர்பெட்டியைத் திறந்தது போல் காற்று. உருகிய நீர் கல்லுக்கடியில் சலசலக்கிறது. பத்தடி கூட ஓடவில்லை, சத்தம் நின்றுவிட்டது. மலை குடித்துவிட்டது.

பத்தாண்டுகளுக்குப் பின் வருபவர்கள் இதைப் பார்ப்பார்களா என்று தெரியாத நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. பனி குறைந்து கோடை நீளும் ஆண்டுகளில் இது இரண்டாகப் பிளந்து சுருங்குகிறது.

வியாழன், குடிலில்

மழை. நண்பகலுக்கு முன்பே இடி தொடங்கிவிட்டது. விஹ்ரென் உச்சி இடிக்கடவுள் பெருனின் இருப்பிடம் என்று பழங்கதை சொல்கிறது. ஜூலையில் இங்கே ஒரு வாரம் தங்கினால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். மதியத்துக்குள் முகட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது இங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி.

மலைத் தேநீர் குடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மழை விட்ட இடைவெளியில் ஒரு நட்கிராக்கர் பறவை மூரா மரத்தின் காயைப் பிடுங்கி, கிளையில் இடுக்கி வைத்து, விதைகளை உரித்தது. தின்பது பாதி, குளிர்காலத்துக்காக மண்ணில் புதைப்பது மீதி. புதைத்ததில் மறந்துபோனவை முளைக்கும்.

வெள்ளி, பண்டேரிட்சா ஏரிகள்

இன்று கருங்கல் பக்கம். குடிலிலிருந்து தெற்கே நடந்த கொஞ்ச நேரத்திலேயே காலடியில் மண்ணின் நிறம் மாறிவிட்டது. ஓடை கூடவே வருகிறது. காலி பாட்டிலோடு கிளம்பியிருந்தாலும் கவலை இல்லை.

கிரானைட் தண்ணீரை உள்ளே விடாது. பனியுகத்தில் பனியாறுகள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களில் எல்லாம் நீர் அப்படியே நிற்கிறது. பிரினில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு, ஏறக்குறைய அனைத்தும் கிரானைட் பகுதியில். மிகப் பெரியது போபோவோ ஏரி, 12 ஹெக்டேருக்கும் மேல், ஆழம் 29 மீட்டரைத் தாண்டும். நாங்கள் பார்த்தவை சிறியவை: ஒகோதோ, ரிப்னோதோ, தெல்கோதோ, ஷபேஷ்கோதோ. கண், மீன், நீளம், தவளை என்று ஏரியைப் பார்த்த மாத்திரத்தில் வைத்த பெயர்கள். மீன் ஏரியில் டிரவுட் துள்ளியது. தவளை ஏரியின் ஓரத்தில் தலைப்பிரட்டைகள் மந்தையாகக் கிடந்தன. சிலவற்றுக்குப் பின்னங்கால் மட்டும் முளைத்திருந்தது. இந்த உயரத்தில் கோடை குறுகியது, உறைபனி வருவதற்குள் நான்கு காலும் முளைத்துக் கரையேறிவிட வேண்டும்.

முராதோவ் சிகரத்தின் அடியில் உள்ள ஏரிக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்தோம். நிமிர்ந்தால் வடக்கே விஹ்ரென் வெள்ளையாக. உட்கார்ந்திருப்பது கறுப்புப் பொட்டுக் கிரானைட்டில். இரண்டு கல்லும் சந்திக்கும் கோட்டைக் கண்ணாலேயே பின்தொடர முடிகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் புளூபெர்ரிப் புதர்கள், அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. புளிப்பு மண் இல்லாமல் அது வளராது.

புளூபெர்ரி இருக்கும் இடத்தில் கரடியும் வரும். "க்லெக்" என்னும் குட்டைப் பைன் இடுப்பளவு உயரத்துக்கு முடிச்சுப் போட்டாற்போல் அடர்ந்திருக்கும், மனிதன் புக முடியாது. பழுப்புக் கரடிக்கு அதுவே பகல் நேர மறைவிடம். பாதையோரம் கரடி எச்சம் கிடந்தது, ஊதா நிறத்தில், பழத் தோலும் விதையுமாக. "அத்தை, நேத்து ராத்திரி போட்டதா இருக்கும்" என்றான், குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு. சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தோம். இங்குள்ள கரடிகள் மனிதக் குரல் கேட்டால் விலகிப் போய்விடும். ஓநாயும் இந்தக் காடுகளில் உண்டு, கண்ணில் படவில்லை.

சனி, மறுபடி பான்ஸ்கோ

ரஸ்லோகுக்குப் பக்கத்தில் யாசோ என்ற ஊற்றைப் பார்க்கப் போனோம். மலையடிவாரத்தில் தரையிலிருந்து தெளிந்த நீர் பொங்கி வருகிறது. ஆள் இறங்கினால் இழுத்துப் போகும் வேகம். சலவைக்கல் மலை குடித்த நீர் வெளியே வரும் வாய் இது. கையை விட்டேன், சில நொடிகளில் விரல் மரத்துவிட்டது.

மாலையில் ஊரைச் சுற்றினோம். பான்ஸ்கோ பெரிய பனிச்சறுக்கு நகரம். கேபிள் கார் பண்டேரிட்சா பள்ளத்தாக்கு வரை போகிறது. தொதோர்கா சிகரத்தின் சரிவில் காட்டை வெட்டிப் போட்ட சறுக்குத் தடங்கள் கோடையில் புண் போலத் தெரிகின்றன. பிரின் தேசியப் பூங்கா 1962-இல் தொடங்கியது, 1983-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2010-இல் பட்டியலிட்ட பகுதியை விரிவாக்கியபோது சறுக்குத் தடங்கள் இருக்கும் பகுதியைப் பாரம்பரிய இடமாகக் கொள்ளாமல் இடைப்பகுதியாகத்தான் வைத்தார்கள். 2017 டிசம்பரில் அரசு பூங்காவின் மேலாண்மைத் திட்டத்தை மாற்றிக் கட்டுமானத்துக்கு வழி திறந்தது. 2018 ஜனவரியில் சோபியாவிலும் பிற ஊர்களிலும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பின்னர் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது.

ஊர்க்காரர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. தங்கியிருந்த வீட்டு அம்மாவும் சறுக்கு வந்தபின்தான் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பினான் என்றார். ஆனாலும் காட்டை வெட்டினால் சரிவின் மண் பிடிப்பு போகும், செயற்கைப் பனிக்கு ஓடைத் தண்ணீரை எடுத்தால் கீழே ஆறு மெலியும். இருக்கும் தடங்கள் போதும். இன்னொரு பள்ளத்தாக்கைத் தொடக்கூடாது.

ஞாயிறு, மெல்னிக்

ரிலாவுக்கும் பிரினுக்கும் நடுவே ப்ரெதெல் கணவாயைத் தாண்டி மேற்குப் பக்கம் இறங்கினோம். ஒரே நாளில் வேறு நாட்டுக்கு வந்தது போல் இருக்கிறது. ஸ்த்ரூமா பள்ளத்தாக்கு வழியாக ஏஜியன் கடலின் வெம்மை மேலே வருகிறது. அத்தி, மாதுளை, திராட்சை.

மெல்னிக் பல்கேரியாவின் மிகச் சிறிய நகரம், சில நூறு பேர்தான். ஊரைச் சுற்றி மணற்கல் கூம்புகள், நூறு மீட்டர் உயரம்கூட இருக்கும். மழை அரித்து அரித்து உருவானவை. இறுகாத மணல் என்பதால் தொட்டால் விரலில் ஒட்டுகிறது. இந்த மண்ணில் விளையும் அகன்ற இலைத் திராட்சையிலிருந்து எடுக்கும் ஒயினுக்குப் பெயர் உண்டு. 1754-இல் கட்டிய கொர்தொபுலோவ் வீட்டின் கீழே மணற்கல்லைக் குடைந்து செய்த ஒயின் நிலவறை இருக்கிறது. வெளியே தாங்க முடியாத வெயில், உள்ளே சால்வை தேவைப்பட்டது.

திங்கள், க்ரெஸ்னா பள்ளத்தாக்கு

சோபியாவுக்குத் திரும்பும் வழியில் ஒரு பகல் முழுக்க இங்கே. பிரினின் மேற்கு அடியை அறுத்துக்கொண்டு ஸ்த்ரூமா ஓடும் குறுகிய இடம். சரிவில் கிரேக்க ஜூனிப்பர் மரங்கள், திஸாதா காப்பகம் இவற்றுக்காகவே ஏற்பட்டது. விஹ்ரெனில் எடல்வைஸ், நேர்க்கோட்டில் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி இங்கே மத்தியதரைக் கடல் செடிகள். இவ்வளவு நெருக்கமாக இரண்டையும் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ரகிட்னா ஊருக்கு மேலே கிரிஃபன் கழுகுகளைப் பார்த்தோம். ஓநாய்க்கு வைத்த விஷத்தைத் தின்றும், இரை இல்லாமலும் இந்தக் கழுகுகள் இப்பகுதியில் அற்றுப்போயிருந்தன. 2010 முதல் ஒரு காட்டுயிர் அமைப்பு வெளிநாடுகளிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து, பெரிய கூண்டில் பழக்கி, பறக்க விட்டது. இறந்த கால்நடைகளைப் பாதுகாப்பான இடத்தில் போட்டு உணவும் தருகிறார்கள். சிறகில் அடையாளப் பட்டை தெரியுமளவுக்கு ஒன்று தாழப் பறந்து எங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டது. சிறகை ஒருமுறைகூட அடிக்கவில்லை.

கீழே தரையில் ஆமைகள். இரண்டு வகை நில ஆமைகள் இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன. அண்ணன் மகன் ஒன்றைச் சாலையோரம் கண்டு, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே தூக்கி அந்தப் பக்கம் விட்டான். சில அடி தள்ளி வண்டி ஏறி நசுங்கிய ஒரு பாம்பு கிடந்தது. சோபியாவிலிருந்து கிரேக்க எல்லைக்குப் போகும் லாரிகள் எல்லாம் இந்த இடுக்கு வழியாகத்தான் போகின்றன.

ஸ்த்ரூமா நெடுஞ்சாலையின் முடிவடையாத துண்டு இந்தப் பள்ளத்தாக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. 2002-லேயே, ஐரோப்பியக் காட்டுயிர்களைக் காப்பதற்கான பெர்ன் உடன்படிக்கையின் நிலைக்குழு, சாலையைப் பள்ளத்தாக்குக்கு வெளியே கொண்டுபோகும்படி பரிந்துரைத்தது. சூழலியலாளர்கள் இன்றும் அதையே கேட்கிறார்கள். செலவு கூடும்தான். ஆனால் மேலே முகட்டிலிருந்து இறங்கும் விலங்குக்கு ஆற்றுக்கு வர வேறு வழி இல்லை. இருக்கும் சாலையிலேயே இவ்வளவு சாகிறது என்றால் நான்கு தடச் சாலை வந்தால் என்ன மிஞ்சும்? வெளியே கொண்டுபோவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. இங்கே வருபவர்கள் பள்ளத்தாக்கில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், குறிப்பாகக் காலையிலும் மழை விட்ட பிறகும். ஆமைகள் நடமாடுவது அப்போதுதான்.